தோமாவும் சர்க்கரை மாத்திரையும்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எடை போடாமல், சாயம் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்க்காமல் ஒரு ரோல் துணியைக்கூட பாஸ் செய்ததில்லையாம். வீட்டில் கதை வேறு. அப்பாவுக்குச் சர்க்கரை. சபையில் ஜெபித்தார்கள், சுகமாகிவிட்டது என்று மேடையிலேயே சொன்னார்கள், அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாமே" என்று இவர் கேட்டதற்கு, "தோமா மாதிரி பேசாதே, ஆதாரம் கேட்டால் அது விசுவாசம் இல்லை" என்று பதில். விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொள்வதுதானா, அப்படியானால் அது தனக்கு இந்த ஜென்மத்தில் வருமா என்று கேட்கிறார்.

நான் போதகர் இல்லை. இருபது வருடம் நூல் கடையில் கணக்கு எழுதினேன், இப்போது சோமனூரில் எட்டுத் தறி கூலிக்கு ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாட வகுப்பு எடுப்பதும் ஏறக்குறைய அத்தனை வருடமாகத்தான். அந்த வகுப்பில் நான் அதிகமாகச் சண்டை போட்டது, இயேசுவின் சீஷர்களில் சந்தேகக்காரர் என்று பெயர் வாங்கிய தோமாவுக்காக.

யோவான் 20ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு மற்ற சீஷர்கள் உள்ளே இருக்கிறார்கள், இயேசு வந்து தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார், பார்த்துவிட்டு அவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். தோமா அப்போது அங்கே இல்லை. பிறகு வந்தவர், நானும் பார்த்து, காயத்தில் விரலை வைத்தால்தான் நம்புவேன் என்கிறார். அதாவது மற்றவர்களுக்குக் காட்டிய சாம்பிளைத்தான் இவரும் கேட்டார், தம்பி. தொட்டுப் பார்க்க வேண்டும் என்றது ஒன்றுதான் கூடுதல். கல்லறைக்குப் போன பெண்கள் வந்து சொன்னபோது இதே ஆட்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கெட்ட பெயர் ஒருவருக்கு மட்டும். பெத்தானியாவுக்குத் திரும்பிப் போனால் கல்லால் அடிப்பார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று சொன்னதும் இந்தத் தோமாதான். அதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. தோமா விரலை விட்டுப் பார்த்தார் என்று வசனத்தில் எங்கும் இல்லை. கரவாஜ்ஜோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் விரல் காயத்துக்குள் போகும், நம் மனதில் பதிந்திருப்பது அந்தப் படம். யோவானில் இயேசு, உன் விரலை நீட்டித் தொட்டுப் பார் என்கிறார், தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்கிறார், அவ்வளவுதான். நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் நம்பாத இந்த மனிதர் நம்புகிறவர்களோடுதான் இருந்திருக்கிறார், அவர்களும் வெளியே போ என்று சொன்னதாகத் தெரியவில்லை. "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்பது அதற்குப் பிறகு வருகிற வார்த்தை. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இயேசுவை நேரில் பார்த்திராத ஜனங்கள் கையில் கிடைத்த புத்தகம் இது. உங்களுக்கு அந்த அறை கிடைக்கவில்லை, அதனால் நீங்கள் இரண்டாம் தரம் ஆகிவிடவில்லை என்று அவர்களைப் பார்த்துச் சொன்ன ஆறுதலாகத்தான் எனக்கு அது படுகிறது. ரத்தப் பரிசோதனையைத் தடுக்க அதை எடுத்து வீசுவது அநியாயம்.

(தோமா பற்றி ஒரு கிளைக்கதை. கி.பி. 52இல் கேரளக் கரையில் இருந்த முசிறியில் இறங்கி, 72இல் மயிலாப்பூரில் உயிர்விட்டார் என்பது மரபு. மேற்குக் கரையிலிருந்து கிழக்கே போகிற பழைய வணிகப் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் கொங்கு நாட்டைத் தாண்டித்தான் போனது, கோயம்புத்தூர் பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அதனால் தோமா நம்மூர் வழியாகத்தான் நடந்தார் என்று என் மனைவி வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தியம் செய்வார். காசு கிடைத்தது ரோமானிய வியாபாரத்துக்குச் சாட்சி, தோமாவின் காலடிக்குச் சாட்சி இல்லைங்க மாமா என்பேன். சரித்திரத்தில் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். கேட்டதால் என் விசுவாசத்தில் ஓர் இழைகூட அறுந்ததில்லை.)

சரி, அப்படியானால் ஆதாரம் கேட்காத விசுவாசம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

விசுவாசம் என்ற சொல்லையே பாருங்கள். சபைக்கு வெளியே நாம் அதை எப்படிப் பேசுகிறோம்? "முதலாளிக்கு ரொம்ப விசுவாசமான ஆள்." நாயைச் சொல்வோம், முப்பது வருடமாக ஒரே பட்டறையில் இருக்கிற மேஸ்திரியைச் சொல்வோம். அங்கே யாரும் "முதலாளி இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறவர்" என்று அர்த்தம் எடுப்பதில்லை. கூட நிற்கிறவர், காலை வாராதவர். சபைக்குள் நுழைந்ததும் அதே சொல் "கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்வது" என்று சுருங்கிவிடுகிறது. எபிரெயுவில் இதற்குரிய சொல் எமூனா. ஆமென் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். உறுதி, அசையாமை என்று பொருள். யாத்திராகமம் 17இல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசே மலைமேல் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார், கை கனத்துப்போகிறது, ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்கிறவர் ஒரு பக்கமும் கையைத் தாங்கிக்கொள்கிறார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் கைகள் ஒரே நிலையாக இருந்தன என்று வருகிறதே, அந்த "ஒரே நிலை"க்கு எபிரெயுவில் இருக்கிற வார்த்தை எமூனா. ஆக, எமூனா அங்கே கையில் இருந்தது. அதுவும் தனியாக நிற்கவில்லை, இரண்டு பேர் தாங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அதே 17ஆம் அதிகாரத்தின் முதல் பாதியில்தான் மாசா என்ற இடத்துக் கதை வருகிறது. ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லை. தாகம் பொய் இல்லை, தண்ணீர் கேட்டதும் தப்பில்லை, தண்ணீரும் கிடைத்தது. ஆனால் அவர்கள் வைத்த கேள்வி "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்பது. கடலைத் தாண்டி வந்தாயிற்று, மன்னா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதோ இப்போது தண்ணீர் வந்தால் இருக்கிறார், வராவிட்டால் இல்லை. பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதித்துக் காட்டு, தூதர்கள் தாங்குவார்களா பார்ப்போம் என்றபோது, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு சொன்ன பதில் இந்த மாசாவை மனதில் வைத்து எழுதப்பட்ட உபாகம வசனம்தான். விஷயத்தைச் சரிபார்ப்பது ஒன்று, நான் வைத்த கெடுவுக்குள் நீ செய்யாவிட்டால் நீ இல்லை என்று நிபந்தனை போடுவது வேறொன்று. விடச் சொல்வது இந்த இரண்டாவதை.

என் தொழிலில் இருந்து சொல்கிறேன். புதிதாக ஒரு தறிக்காரருக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்) கொடுக்கும் முன் ஜவுளிக்காரர்கள் நன்றாக விசாரிப்பார்கள். பட்டறை யாருடையது, யாரிடம் நெய்தார், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் கணக்கில் ஏதாவது தகராறா, எல்லாம். முதல் பீஸ் வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் விரித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது சரி. ஆனால் பாவை இறக்கிய பிறகு தறிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, துணி முழுசாக வந்தால்தான் உன்னை நம்பி ஊடை நூல் தருவேன் என்றால்? நூல் கொடுக்காமல் துணி எங்கிருந்து வரும்? சில விஷயங்களில் கொடுத்த பிறகுதான் ஆதாரமே உண்டாகிறது. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1896இல் இதைத்தான் சொன்னார், அவர் நட்பை உதாரணம் காட்டினார். எனக்குப் பாவு.

சொல்வது சுலபம். நானே மாசாவில் நின்றவன்.

என் கூடப்பிறந்த இளையவனுக்கு 2011இல் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. ஈஸ்டருக்குள், சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தங்குகிற கிரியாட்டினின் என்ற கழிவு ஐந்துக்குக் கீழே வர வேண்டும் என்று கர்த்தருக்குக் கெடு வைத்தேன். ஆமாம், எண்ணோடு சேர்த்து. கணக்கு எழுதியவன் புத்தி அப்படித்தான் போகும். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது, 7.9. அந்தத் தாளை நாலாக மடித்துப் பைபிளில் யாத்திராகமத்தில் வைத்தேன், மடிப்புப் பழுத்துப்போய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, எங்கோ விசுவாசக் குறைவு இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள் என்றார். அவரை ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்து அனுப்பினேன். ஆனால் அதன்பிறகு ரொம்ப நாள் சபையில் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்தேன், பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன்.

டயாலிசிஸுக்கு இளையவனின் இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். அதில் விரல் வைத்தால் உள்ளே அதிரும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிடம் பார்ப்பான். "தறி ஓடற மாதிரியே இருக்குதுங்ணா, தொட்டுப் பாருங்க" என்று ஒருநாள் என் கையைப் பிடித்து வைத்தான். உண்மையிலேயே அடுத்த தெருவில் ஓடுகிற தறியைச் சுவரில் கை வைத்து உணர்கிற மாதிரிதான் இருந்தது. அதே விரலை எடுக்காமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். "என்னடா கேட்ட?" என்றேன். "ஒண்ணும் கேக்கலீங்ணா. சும்மா பேசிட்டிருந்தேன்."

நாலு வருடம் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒரு நாள்கூட அவன் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை, ஒரு நாள்கூட அந்தப் பேச்சை நிறுத்தினதும் இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டியதைத் தொட்டுப் பார்த்தான். 2015இல் போய்விட்டான். எனக்கு அப்போது விடை கிடைத்தது என்றெல்லாம் எழுதமாட்டேன், கிடைக்கவில்லை. வாசல் பக்கத்து வரிசையிலிருந்து மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நடந்தது.

அடையாளம் கேட்பது நம் மண்ணில் ஊறிய பழக்கம். பூ கேட்காமல் கிணற்று வேலை தொடங்காத குடும்பங்கள் நம் பக்கம் உண்டு, சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் இந்தத் தடவை என்ன வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு விலைவாசி பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் வழி அவர்களுக்கு. ஆனால் புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிற நம்முடைய கூட்டத்தைப் பாருங்கள். எடுத்த வசனம் பிடிக்காமல், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடித்துத் தட்டில் போட்டு வேறு எடுத்தவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிதியோன் தோலை விரித்து, ஒருநாள் தோல் மட்டும் நனையட்டும், மறுநாள் தோல் மட்டும் காயட்டும் என்று கேட்டதைத் தேவன் கோபிக்காமல் செய்தார். பயந்த மனுஷன், பொறுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகும் அந்தப் பயம் போகாமல், அடுத்த அதிகாரத்தில் எதிரியின் பாளயத்தில் ஒருவன் சொன்ன சொப்பனத்தை ஒட்டுக்கேட்டுத்தான் அவருக்குத் தெம்பு வருகிறது. எலியாவோ கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியையே இறக்கியவர், யேசபேல் ஒரு ஆளை அனுப்பி மிரட்டியதும் ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்து, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இத்தனை பெரிய ஆதாரம் எத்தனை நாள் தாங்கியது பாருங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கருமத்தம்பட்டி. ஜெபமாலை அன்னை கோயிலுக்கு அக்டோபர் திருவிழாவில் ஜாதி மதம் பார்க்காமல் கூட்டம் வரும், என் மனைவி அந்த ஊர்க்காரர், கத்தோலிக்கக் குடும்பம். அங்கே பேசப்படுகிற ஒரு பெயர் மரியோன் பிரெசியாக். பிரான்ஸிலிருந்து 1842இல் வந்து, கோயம்புத்தூர் பகுதியின் முதல் கத்தோலிக்க ஆயராக இருந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளையே குருக்களாக வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், சாதி வழக்கங்களைச் சபை எதுவரை ஏற்கலாம் என்ற சர்ச்சையில் மனசாட்சி ஒப்பாமல் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1856இல் ஆப்பிரிக்க ஊழியத்துக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார், 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனில் இறங்கினார், ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல், ஜூன் 25ஆம் தேதி செத்துப்போனார். ஆறே வாரம். இங்கே வேலை பாதியில் நின்றது, அங்கே தொடங்கவே இல்லை. அவருடைய சபை இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியும், காய்ச்சலில் கிடந்த அவருக்குத் தெரியாது. ஆனால் அது இன்றும் இருப்பதால் அவர் நம்பியது சரி என்று நான் நிரூபிக்க வரவில்லை. அது அழிந்தே போயிருந்தாலும் அந்த ஆறு வாரம் அதே ஆறு வாரம்தான்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். பிரசங்கம் பண்ணுகிறவர்களிடம் ஆதாரம் கேட்கக் கூடாது என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? இருப்பது நேர் எதிர். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள். எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்று யோவான் எழுதுகிறார். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது ஒருவரும் தன்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று பவுல் கூடவே ஆட்களை வைத்துக்கொள்கிறார். தேவனிடம் ஆதாரம் கேட்காதே என்ற வார்த்தை, மைக் பிடித்திருக்கிற மனிதரிடம் ஆதாரம் கேட்காதே என்று எப்போது மாறியது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதைவிட முக்கியம், அம்மாவிடம் லூக்கா 17ஐத் திறந்து காட்டுங்கள். பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு என்ன சொன்னார்? "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்." லேவியராகமப்படி தோலைப் பார்த்து, சொஸ்தமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் ஆசாரியர். குணமாக்குகிறவரே சரிபார்த்துக்கொள்ள அனுப்புகிறார். யோவான் 4இல் கப்பர்நகூம் அதிகாரி, மகன் பிழைத்திருக்கிறான் என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு கானாவிலிருந்து நடக்கிறார். வழியில் எதிர்ப்பட்ட வேலைக்காரர்களிடம் அவர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்குக் குணமானது என்பது. நேற்று ஏழாம் மணி என்கிறார்கள், அவர் மனதில் இருந்த நேரத்தோடு ஒத்துப்போகிறது. நம்பி நடந்த மனிதர்தான் மணியையும் விசாரித்தார். கத்தோலிக்கர்களின் லூர்து நகரில் 1858க்குப் பிறகு ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் தங்களுக்குச் சுகம் கிடைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள், மருத்துவர்கள் அலசி, திருச்சபை அற்புதம் என்று ஏற்றது எழுபதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. உங்கள் க்யூசி, அதாவது தரச் சோதனை, இதனிடம் தோற்றது.

1877இல் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றி எழுதினார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்று அவனுக்கே சந்தேகம். இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்ததே, தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஜனங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்டு. அவர் மதத்துக்கு எதிராக இதை எழுதினார், ஆனாலும் இந்த இடத்தில் அவர் பக்கம்தான் நான். அப்பாவின் உடம்பு அம்மாவின் கப்பல் இல்லை.

இந்த வாரமே எச்பிஏ1சி பார்த்துவிடுங்கள், மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு அதில் வந்துவிடும். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போகும்போது மாத்திரை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பழைய அளவிலேயே நீங்களாக ஆரம்பித்துவிட வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், விட்டுவிட்டுப் போனால் அது அவர் விசுவாசத்துக்கு எதிராக நீங்கள் நடத்துகிற வழக்கு மாதிரி ஆகிவிடும். ரத்தம் எடுக்கும்போது அவர் பக்கத்தில் ஜெபித்தால் ஜெபிக்கட்டும். ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் "பார்த்தீங்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பேக்கரியில் மூன்று டீ சொல்லுங்கள், அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல்.